அர்த்தநாரி இறுக்கிய மூன்று திருகாணிகள்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் அர்த்தநாரி வாத்தியார். அவருக்குப் பிறகு வெள்ளக்கரட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் செய்தார்கள், அதில் என் பெண்டாட்டியும் சேர்த்தி. ஆனாலும் முதல் ஆள் அவர்தான் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது என்றுதான் அவர் பெயரை முதல் வரியிலேயே வைக்கிறேன். என் இடது கண்ணின் பார்வையைக் கரட்டுக் குன்றின் மேல் இருக்கிற தொலைநோக்கிக்குள் வைத்து இறுக்கியவர் அவர். கண் என்னிடம்தான் இருக்கிறது. இமை மூடுகிறது, திறக்கிறது, தூசி விழுந்தால் உறுத்துகிறது. பார்வை மட்டும் மேலே இருக்கிறது.

எங்கள் ஊர் லாரி ஊர். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பாடி கட்டும் பட்டறை, பெயிண்ட் பட்டறை, டயர் கடை, ஸ்பிரிங் பட்டை வளைக்கிற பட்டறை, நடுவில் என் கொட்டகை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். வீல் அலைன்மெண்ட் பார்க்கிறேன், மிஷின் வைத்து இல்லை, நூல் கட்டி. பின் டயரிலிருந்து முன் டயர் வரைக்கும் நூலை இழுத்துப் பிடித்து, தரையில் குத்தவைத்து, வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்ப்பேன். எங்கள் வேலையில் பார்க்கிறவன் ஒருவன், இறுக்குகிறவன் ஒருவன். சக்கரம் நேருக்கு வந்ததும் பார்க்கிறவன் "நிக்கட்டும்" என்பான். அதைக் கேட்டவுடன் இறுக்கிவிடக் கூடாது. "எடுத்தாச்சா?" என்று கேட்க வேண்டும். விரலோ, தலைமுடியோ, லுங்கி நுனியோ, எது உள்ளே இருந்தாலும், "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் ஸ்பேனர் திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் எந்தக் கொட்டகையிலும் இதுதான் வழக்கம், கேட்காமல் இறுக்கியவனை மறுநாள் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அர்த்தநாரி பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் வான்நோக்கு மன்றம் என்று ஒன்றை ஆரம்பித்தார். சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு குழிக் கண்ணாடியை வெளியூரிலிருந்து வரவழைத்தார். பாடி பட்டறையில் தகரத்தை உருட்டி ஆள் உயரக் குழாய் ஒன்று செய்து கொடுத்தார்கள். பெயிண்டர் அதற்கு மஞ்சள் அடித்து, பழக்க தோஷத்தில் அடிப்பக்கம் 'இடைவெளி விட்டு வரவும்' என்று எழுதிவிட்டான். கரட்டு உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கூரை நகர்கிற தகரக் கொட்டகை ஒன்றில் அதை நிறுத்தினார்கள். அடியில் பெரிய கண்ணாடி, மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைக்க ஒரு துளை. வானத்திலிருந்து விழுகிற வெளிச்சம் அடிக்குப் போய், மேலே வந்து, திரும்பிக் கண்ணுக்குள் வர வேண்டும். இரண்டு கண்ணாடியும் ஒரே நேரில் நின்றால்தான் அது நடக்கும். அவை நிற்கவில்லை. திறப்பு விழா அன்று பார்த்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வால் முளைத்திருந்தது, குட்டைத் தண்ணீரில் தலைப்பிரட்டை நீந்துகிற மாதிரி.

நேராக்க எந்தக் கருவி வாங்குவது என்று மன்றம் கூடியது. வளர்மதி மருந்துக்கடை வைத்திருக்கிற பெண், மன்றத்துக்குச் செயலாளரும் அவள்தான். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பாள்.

"மூணு விதம் இருக்குதுங்க சார். லேசர் ஒண்ணு. செவப்பு வெளிச்சம் தானாப் போயி தானாத் திரும்பி வந்து எங்க கோணையோ அங்க காட்டும். யாரும் கண்ணு வெக்கவே வேண்டியதில்ல. ரெண்டாவது, குறுக்குக் கம்பி வெச்ச குழாய். மூணாவது சும்மா ஒரு மூடி, நடுவுல ஊசி ஓட்டை. அதுல கண்ணு வெச்சா, எல்லா வட்டத்துக்கும் நடுவுல நம்ம கண்ணே நமக்குத் தெரியும். அது நடுவுக்கு வந்தா நேர்."

"லேசரே கோணையா வந்தா என்ன பண்ணுவ?" என்றார் அர்த்தநாரி. "அதை நேராக்க இன்னொரு கருவி வாங்குவியா? ஓட்டைக்குக் கோணை கெடையாது வளர்மதி."

"சரிங்க சார். கண்ணு வெக்கறது யாருங்க?"

"காலங்காலமா அலைன்மெண்ட் பாக்கறவன் ரோட்டோரத்துல உக்காந்திருக்கானே."

நான் அங்கே இல்லை. வளர்மதி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லேசரைப் பற்றி அவர் சொன்னது தப்பு என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அந்தக் கருவி கோணையாகவும் வருவதுண்டாம். ஆனால் தன்னிடம் இரண்டு கண் இருக்கும்போது என் கண்ணை நினைத்தார் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது.

மத்தியான வெயிலில் கொட்டகைக்கு வந்தார். கையில் ஒரு கறுப்பு டப்பா, பழைய கேமராவில் ரீல் வருமே, அது. அடியை அறுத்து, மூடியின் நடுவில் ஓட்டை போட்டிருந்தார்.

"நஞ்சப்பா, உனக்குத் தெரிஞ்ச வேலைதான். சக்கரத்துக்குப் பதிலாக் கண்ணாடி."

"கண்ணாடியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார்."

"தெரிய வேண்டாம். நீ பார்த்துச் சொல்லு, நான் திருகறேன்."

போனேன். டப்பாவைத் துளையில் செருகிக் கண் வைத்தேன். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், பந்தியில் சண்டை போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி இருந்தன. அவர் அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாணியாகத் திருக, நான் "இன்னும் கொஞ்சம், போதும், அந்தப் பக்கம், வாங்க வாங்க" என்று சொல்லச் சொல்ல, வட்டமெல்லாம் ஒன்றையொன்று தேடி வந்து, ஒன்றுக்குள் ஒன்று சமமாக உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் நடுவில் என் இடது கண் வந்து நின்றது. எப்போதோ வெல்டிங் பொறி பட்டு வெள்ளை விழியில் சிவப்பாக ஒரு புள்ளி உண்டு எனக்கு, அந்தப் புள்ளிகூடத் தெரிந்தது. வாய் தானாகச் சொன்னது.

"நிக்கட்டும்."

அவர் எடுத்தாச்சா என்று கேட்கவில்லை. இறுக்கினார். மூன்றையும், ஒன்றன் பின் ஒன்றாக, கீழே லாரி போகிற அதிர்ச்சிக்கு அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். நான் தலையை எடுத்துக்கொண்டு கரட்டை விட்டு இறங்கினேன். பார்வை வரவில்லை.

படி இறங்கும்போதே தெரிந்துவிட்டது. வலது கண்ணில் படி, இடது கண்ணில் மஞ்சள் குழாயின் கறுப்பு உட்புறமும் அதன் கோடியில் ஒரு தட்டு வானமும். இமையை மூடினேன், வானம் மூடவில்லை. பிறகு அவர் குழாய்க்கு மூடி போட்டிருப்பார், இருண்டது. வீட்டுக்கு வந்து பாவாயியிடம், "என் பார்வை மேலயே நின்னுபோச்சு புள்ள" என்றேன். அவள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க, இந்தப் பக்கம் வீட்டுல ஆளில்லாத மாதிரி இருக்குது," என்றாள். "வாத்தியாருகிட்ட சொல்லி எடுத்தாந்துருங்க. சோறு ஆறுது."

அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் மன்றத்தில் ஊருக்கு நிலாக் காட்டினார்கள். முதலில் கண் வைத்தது டயர்க்கடை ருக்மணியக்கா. வீட்டில் உட்கார்ந்திருந்த என் இடது கண் முழுக்க அவளுடைய கண் வந்து நின்றது, மை தீட்டி, ஓரத்தில் நீர் கட்டி, ஒரு குளம் அளவுக்கு. அவள் மேலே என்ன பார்த்தாள் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நிலா வால் இல்லாமல், பிசிறில்லாமல், கழுவி வைத்த வெண்கலத் தட்டு மாதிரி இருந்ததாம். அதன் நடுவில் ஒரு கண் இருந்ததாம்.

"யாரோ பாக்கறாங்க," என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாளாம், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் ஒரு கண் நம்மைப் பார்க்கப் போகிறது என்று தெரிந்து தலையைக் கோதிக்கொண்டார்கள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள், வெற்றிலை போட்டிருந்தவர்கள் துப்பிவிட்டு வந்தார்கள். வளர்மதி பார்த்துவிட்டு, "அந்தச் செவப்புப் புள்ளியப் பாருங்க. நம்ம நஞ்சப்பண்ணன் கண்ணு," என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டு வரிசை நகர்ந்தது.

மறுநாள் அர்த்தநாரி கொட்டகைக்கு வந்தார்.

"நஞ்சப்பா, ஒரு சின்ன விஷயம்."

"தெரியும்ங்க சார். நேத்து அத்தன பேரும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. உங்களத்தான் காணோம்."

"எனக்கு முதுகு வலி, குனிய முடியல." என் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த டயரைப் பார்த்துச் சொன்னார். "இவ்வளவு துல்லியமா வேற எங்கயும் நின்னதில்ல. இப்பத் தளர்த்தினா மறுபடி வருமான்னு தெரியாது. நிலா தேயட்டும், தளர்த்திடலாம்."

நிலா தேய்ந்தது. சனிக்கோள் நல்ல இடத்தில் இருக்கிறது, அது போகட்டும் என்றார். சனி போனது, ஒரு வால்நட்சத்திரம் வருகிறது என்றார். அதற்குள் காரியம் அவர் கையை விட்டும் போய்விட்டது, ஏனென்றால் ஊர் அந்தக் கண்ணுக்குப் பழகிவிட்டது.

எப்படிப் பழகியது என்று சொல்கிறேன். முதலில் அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர்கள், கிளம்பும் முன் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டுப் போனால் வழியில் போலீஸ் மறிப்பதில்லை என்று கண்டுபிடித்தார்கள். பிறகு புது லாரி எடுத்தவர்கள் சாவியைக் கொண்டுவந்து துளைக்கு முன்னால் ஆட்டினார்கள். பிறந்த குழந்தைகளைத் தூக்கிவந்து கண்ணுக்குக் கண் வைத்தார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளைகள் தங்கள் கண்ணை வைத்துவிட்டு அது சிமிட்டுகிறதா இல்லையா என்று பார்த்துச் சம்மதம் சொன்னார்கள். ஸ்டெப்னி டயர் காணாமல் போனபோது சந்தேகப்பட்ட மூன்று பேரை நிறுத்திப் பார்க்கச் சொன்னதும் ஒருவன் படியிலேயே ஒப்புக்கொண்டான். நாள்பட நாள்பட யாருக்கும் நட்சத்திரம் வேண்டியதாக இல்லை, பகலிலேயே வந்தார்கள். புருஷனிடம் சொல்ல முடியாததை, மாமியாரிடம் சொல்ல முடியாததை, டாக்டரிடம்கூடச் சொல்லாததைத் துளையில் வாய் வைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு கண் வைத்தார்கள். யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள், யாரோ படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள், பெயிண்டர் வந்து 'இடைவெளி விட்டு வரவும்' என்பதை இன்னும் பெரிதாக எழுதிவிட்டுப் போனான். கரட்டுக்கண் என்று பெயர் வந்தது. கரட்டுக்கண் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டாமல்கூடப் போனார்கள்.

கீழே நான் இருந்தேன். அதே ஊரில், அதே ரோட்டில். மேலே போய் என் பார்வையிடம் அழுதுவிட்டு இறங்குகிறவர்கள் என் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது கொய்யாப்பழக்காரியைப் பார்க்கிற அளவுக்குக்கூட என்னைப் பார்க்கவில்லை. மேலே பேசுவது எனக்குக் கேட்காது, பார்வைதான் மேலே இருந்தது, காது என்னிடம்தான் இருந்தது. ஊரிலுள்ள எல்லாக் கண்ணும் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன் வந்து நின்று எதையோ கேட்கும், என்ன கேட்கிறது என்று தெரியாது. அழுத கண், பயந்த கண், பொய் சொல்கிற கண், சாகப்போகிற கண்ணும் ஒன்றிரண்டு. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் அது யாருடையது என்று தெரியாது, அவ்வளவு பக்கத்தில் முகம் தெரியாது. மூடி போட மறந்துவிட்டுப் போனார்கள் என்றால் நட்சத்திரங்கள் வந்து கண்ணுக்குள் குத்தும், ஒன்றுக்கும் வால் கிடையாது, புதுப் புது ஊசி மாதிரி. நான் விழித்துக் கிடப்பேன்.

நூல் பார்க்க முடியவில்லை. வலது கண்ணால் பழகிப் பார்த்தேன். நூலுக்குக் குறுக்கே யாரோ ஒருத்தியின் கண் வந்து நின்றால் எப்படிப் பார்ப்பது? நான் பார்த்து அனுப்பிய லாரி ஒன்று விஜயவாடா போவதற்குள் முன் டயர் இரண்டையும் தின்றுவிட்டது. அந்த டிரைவர் திரும்பி வந்து டயரைக் கொட்டகை வாசலில் உருட்டிவிட்டான்.

"ஏண்ணா, மேல ஊரையே பாக்கற, கீழ ஒரு நூலப் பாக்க மாட்டேங்கற."

"வாத்தியாருகிட்டப் போயிக் கேளு."

"அவரு என்னண்ணா பண்ணுவாரு? நிக்கட்டும்னு சொன்னது நீதானாமே."

"எடுத்தாச்சான்னு கேக்கல அவரு."

"படிச்சவருக்கு அதெல்லாம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கரட்டுக்கு ஏறிப் போனான்.

பாவாயி அதுவரை கரட்டுக்குப் போனதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சுவரோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன், இடது கண்ணில் ஒரு கண் வந்தது. மற்றதெல்லாம் யாருடையது என்று தெரியாது, இது தெரிந்தது. கீழ் இமையில் மூன்று முடி நரைத்திருக்கும் அவளுக்கு. நெடுநேரம் நின்றது அந்தக் கண். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை, நானும் அவளை அத்தனை பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஓரத்தில் நீர் சேர்ந்து, உருண்டு, விழாமல் நின்றது. பின்னால் நின்ற யாரோ அவசரப்படுத்தியிருப்பார்கள், போய்விட்டது.

இறங்கி வந்ததும் கேட்டேன். "மேல போயிருந்தியா?"

"ஆமாங்க."

"என்ன சொன்ன?"

"கண்ணுகிட்டச் சொன்னேன்," என்றாள். "உங்களுக்கு என்னங்க அதுல?"

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். வலது கண்ணை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து, கழுத்து நரம்பு புடைக்க முக்கினால் மேலே இருக்கிற பார்வையும் அசைகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஊரே மாலையும் பூசணிக்காயுமாகக் கரட்டில் நின்றபோது நான் கொட்டகையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு முக்கினேன். கருவிழி உருண்டு போனது. பார்த்தவர்களுக்கெல்லாம் வெறும் வெள்ளை விழிதான் தெரிந்தது. கண் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஊர் அலறியது. பூசணிக்காய் உடைத்தார்கள், பால் ஊற்றப் போனவர்களை அர்த்தநாரி கையைப் பிடித்துத் தடுத்தார். கறிக்கடைக்காரர் ஒருவர்தான், "நஞ்சப்பனையே கூப்பிட்டு என்னன்னு கேட்டா என்ன?" என்றாராம். "அவனுக்கு என்ன தெரியும்?" என்று அடக்கிவிட்டார்கள். நான் ஒரு ஆள் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒருவரும் வரவில்லை. நானும் திருப்பவில்லை.

அர்த்தநாரி மன்றத்தைக் கூட்டினார். நேர் கலைந்துவிட்டது, லாரி அதிர்ச்சி, அதுதான் காரணம் என்றார். லேசரே வாங்கிவிடலாம் என்றும் அவரே சொன்னார்.

"சார், மொதல்ல நஞ்சப்பண்ணனைக் கூட்டியாந்து மூடியில பாக்க வெச்சுத் தளர்த்துங்க," என்றாள் வளர்மதி. "அப்பறம் எதை வேணா வைங்க."

"லேசருக்கு யார் கண்ணும் வேண்டியதில்லைன்னு நீதானம்மா சொன்ன."

அவள் அதற்குப் பிறகு மன்றத்துக்குப் போகவில்லை. ஆனால் கரட்டுக் கொட்டகைச் சாவி அவளிடம் இருந்தது.

பகலில் வைத்தார்கள். நான் டீக்கடையில் நின்றேன், கண்ணுக்குள் சிவப்பு வந்து குத்தியது. வலி இல்லை, பழுக்கக் காய்ச்சிய ஊசியை வலிக்காமல் நுழைத்தால் எப்படியோ அப்படி. அது அங்கும் இங்கும் அலைந்து வட்டத்தின் நடுவில் போய் உட்கார, அடியில் திருகாணிகள் திரும்பத் திரும்ப, என் பார்வை கண்ணாடியை விட்டுச் சறுக்கி, குழாயின் தகரத்தில் போய் மோதி நின்றது. வானம் போனது, ஊர்க் கண்கள் போயின. கறுப்புப் பெயிண்டும் ஒரு ரிவிட்டும் மட்டும் மிஞ்சின. இன்றைக்கும் அந்த ரிவிட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் பெயிண்ட் ஒரு இடத்தில் உரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நிலாவில் நிலா மட்டும் இருந்தது. பள்ளம் மேடெல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று அர்த்தநாரி குச்சியால் சுட்டிக் காட்டி விளக்கம் சொன்னார். இரண்டு சனிக்கிழமை வந்தார்கள், அப்புறம் வரவில்லை. பள்ளம் பார்க்க எதற்குக் கரடு ஏற வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டைப் பூட்ட ஆரம்பித்தார்கள். கண்ணுக்குக் கோபம் வரும்படி யார் என்ன செய்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, கடைசியில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த என்னிடம் வந்தார்கள். பார்க்கத் தெரியாதவன், பார்வையைப் பிடித்து வைத்துக்கொண்டவன் என்றார்கள். ருக்மணியக்கா கொட்டகை வாசலில் நின்று, "எங்க சங்கதியெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டயில்ல," என்றாள். சங்கதி ஒன்றும் எனக்குக் கேட்காது என்று சொன்னேன். நம்பவில்லை.

வளர்மதி என்னைக் கரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கறுப்பு டப்பா கொட்டகைப் பரணில் கிடந்தது. துளையில் செருகி இடது கண்ணை வைத்தேன், அவள் திருகாணிகளைத் தளர்த்தினாள். ரிவிட்டுதான் தெரிந்தது. அந்தக் கண்ணில் பார்வையே இல்லாததால் நடுவுக்குக் கொண்டுவர ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பதை எடுக்க வந்தவனிடம் காட்டுவதற்கு இன்னொன்று இல்லை. டப்பாவை அவள் மருந்துக்கடைக்கு எடுத்துப்போனாள்.

பிறகு நடந்ததை அவளும் இன்னொருத்தியும் எனக்குச் சொல்லாமல் செய்தார்கள். தை மாசத்து வெயிலில், ஒரு தண்ணீர் லாரியை நிறுத்திக் குத்தவைத்து, பார்க்க முடியாது என்று தெரிந்தும் நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ரிவிட்டு மறைந்தது. நூல் தெரிந்தது. ஒரே நூல், அதன் முறுக்கு, அதில் ஒட்டியிருந்த கிரீஸ், அதற்கு அந்தப் பக்கம் டயர், டயர்ப் பரப்பின் பட்டன் மேடுகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரம், எல்லாம் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாக. முன் சக்கரம் ஒரு பொட்டு வெளியே போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு பார்வை உள்ளே இறங்கினால்தான் இன்னொன்று வெளியே வரும் என்று அந்த நொடியே புரிந்தது. இறங்கியது யார் என்றும் புரிந்தது.

போனை எடுத்தேன். வளர்மதி எடுத்தாள்.

"யாரு புள்ள மூடியில?"

"அக்காதாங்கண்ணா. நடுவுக்கு வந்துருச்சு. நிக்கட்டும்னுட்டாங்க. எடுத்தாச்சான்னு கேட்டுட்டு நிக்கறேன், பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க."

"போனைக் குடு அவகிட்ட."

"என்னங்க," என்றாள் பாவாயி.

"கண்ணை எடு."

"இருக்கட்டுங்க. எனக்கு என்ன நூலா பாக்கணும்? அரிசி பொடைக்க ஒத்தக் கண்ணு போதும். உங்களுக்குத் தெரியுதா, தெரியலையா?"

"தெரியுது."

"அப்பறம் என்ன? இறுக்கச் சொல்றேன்."

"நீ எடுத்ததா என் பார்வைய? எடுத்தவன் இருக்கறப்ப நீ எதுக்குடி குடுக்கற? எடு கண்ணை."

கரட்டுக் காற்று மட்டும் போனில் அடித்தது.

"அந்தாளு குடுக்க மாட்டாருங்க," என்றாள்.

"குடுக்கட்டும், குடுக்காம போகட்டும். அது அவரு கணக்கு. உன்னுதை வாங்கி நான் வெச்சுக்கிட்டா அவரு கணக்குத் தீந்துரும்."

நூலின் மேல் ரிவிட்டு வந்து உட்கார்ந்தது. அவள் எடுத்துவிட்டாள். தண்ணீர் லாரிக்காரனுக்கு, எந்தப் பக்கம் ஒரு பொட்டு என்று பார்த்து வைத்திருந்ததால், அது ஒன்றை மட்டும் சரியாகச் செய்து அனுப்பினேன். பாவாயி இறங்கி வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்களுக்குப் பார்வை முக்கியமில்ல, அந்தாளுதான் முக்கியம்," என்றாள்.

இப்போது அர்த்தநாரி தனியாக இருக்கிறார். மன்றம் கலைந்துவிட்டது. மகள் ஓசூரில். அவருக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இரண்டும் உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று வளர்மதி சொல்கிறாள். எனக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது. அந்த ஆள் செத்துவிட்டால் என் பார்வையை நான் யாரிடம் கேட்பேன்? காலையில் அவர் நடைக்குப் போகிறாரா என்று ரோட்டோரம் நின்று பார்க்கிறேன். லாரி வருகிற நேரம் ரோட்டைக் கடந்தால் கையைக் காட்டி லாரியை நிறுத்துகிறேன். முருங்கைக்கீரை கிடைத்தால் பாவாயியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவளும் முணுமுணுத்துக்கொண்டு போகிறாள். உப்புக் குறைத்துப் போடச் சொல்லி அவர் வீட்டுச் சமையல்காரம்மாவைத் திட்டியதும் நான்தான். ஊரில் சிலர், நஞ்சப்பன் மனம் மாறிவிட்டான், பெரிய மனசு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்று அவர் மாத்திரை வாங்க வரவில்லை என்று வளர்மதி சொன்னதும் நானே வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் தட்டி, தட்டி, மறுபடி தட்டி, ஜன்னல் வழியாகக் கூப்பிட்ட பிறகு திறந்தார். இளைத்திருந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்கு நஞ்சப்பா சிரமப்படற?"

"சாப்பாட்டுக்கு முன்னால இது, பின்னால இது. இப்பப் போடுங்க, நான் பாக்கணும்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கினார். விழுங்கிவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் பக்கத்தில் போய், விளக்குக்கு நேராக, முகத்தை அவர் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க சார்."

அவர் பார்வை என் நெற்றிக்குப் போனது, மீசைக்கு வந்தது, கடைசியில் என் இடது கண்ணைத் தாண்டி வலது கண்ணில் போய் நின்றது.

"கதவைச் சாத்திட்டுப் போ, கொசு வருது," என்றார்.

சாத்திவிட்டு வந்தேன். அடுத்த மாத மாத்திரைக்கு வளர்மதியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.